‘பதிவு இல்லை’ என்று நான் எழுதிக் கொடுத்த சான்று

பதிவறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

போன வாரம் என் சொந்த வேலையாக உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மலேசியாவிலிருந்து வந்தவராம். தாத்தா செத்த தேதியும் ஊரும் தெரிந்தால் போதும் என்றார். உங்களில் ஒருவர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இல்லை சார், ரிக்கார்டு இல்லை” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வந்தவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு அதற்கப்புறம் பெஞ்சில் உட்கார முடியவில்லை. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். என் முறை வந்தபோது கூப்பிட்டிருக்கிறார்கள், நான் அங்கே இல்லை. அன்றிலிருந்து தூக்கமும் சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரையும் குறை சொல்ல வரவில்லை. அதே இரண்டு சொல்லை நானும் ஒரு காலத்தில் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன். என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பதிவறையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். பரம்பரையாக வந்த கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை அரசாங்கம் எடுத்துவிட்டிருந்த நேரம். அதுவரை ஊரில் யார் பிறந்தாலும் இறந்தாலும் முன்சீப்தான் புத்தகத்தில் எழுதுவார். ஒரே நாளில் அத்தனை ஊர்ப் புத்தகங்களும் சாக்குகளில் தாலுக்கா ஆபீசுக்கு வந்து இறங்கின. சிலது கரையான் தின்றது. சிலதைக் கோபத்தோடு வீசிவிட்டுப் போயிருந்தார்கள். அதையெல்லாம் பிரித்து அடுக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். பெண்பிள்ளைக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொன்னார்கள். நாள் முழுக்க நின்றபடிதான் பார்த்தேன்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு மிராசுதார் வீடுகளில் நிறைய கிடைக்கும். கருமாதிப் பத்திரிகை இருக்கும், பேப்பரில் போட்ட அறிவிப்பு இருக்கும், பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கும். வயல் வேலை செய்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் முன்சீப் எழுதிய ஒரு வரிதான் உண்டு. அதுவும் அவர் எழுதியிருந்தால்தான்.

ஒரு நாள் வசந்தா என்ற பெண் வந்தாள். இருபத்தொரு வயது இருக்கும். பக்கத்து ஊரில் பால்வாடி டீச்சர். அப்பா பெயர் பக்கிரி. அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது காணாமல் போனவர். அது குறுவை அறுவடை சமயம். கூலியை உயர்த்திக் கேட்டு, பக்கிரி உள்பட, சங்கத்துக்காரர்கள் வயலில் இறங்காமல் நிற்க, மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்க, பெரிய தகராறு. போலீஸ் வந்து முகாம் போட்டது. ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அவள் அம்மா அஞ்சலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது பக்கிரி இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போய்விட்டார், கூட ஒருத்தியும் போயிருக்கிறாள் என்று மிராசுதாரின் பண்ணையில் வேலை பார்த்த ஒருவர் சொன்னார். ஊர் அதையே பிடித்துக்கொண்டது.

அஞ்சலை மட்டும் நம்பவில்லை. என் புருஷன் என்னை விட்டுட்டுப் போகிற ஆள் இல்லை, உயிரோடு இருந்தால் வந்திருப்பார் என்று பதினாறு வருஷமும் ஒரே பேச்சு. ஆனால் தாலியைக் கழற்றவும் இல்லை. செத்துவிட்டார் என்று யாராவது சொல்லட்டும், கழற்றுகிறேன் என்பாராம். இப்போது வசந்தாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

அவர்கள் ஊர்ப் புத்தகத்தை எடுத்தேன். அந்த வருஷம், அதற்கு முந்தின வருஷம், அடுத்த இரண்டு வருஷம். ஒரு வரி விடாமல் பார்த்தேன். பக்கிரி என்று இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் கிழவர், ஒருவர் கைக்குழந்தை. ‘மேற்படி நபரின் இறப்புக் குறித்துத் தேடிப் பார்த்ததில் பதிவு ஏதும் இல்லை’ என்று எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை வைத்துக் கொடுத்தேன். சாயங்காலம் கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேலையைச் சுத்தமாக முடித்தோம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஒரு மாதம் கழித்து வசந்தா மறுபடி வந்தாள். அந்தச் சான்றை மேஜைமேல் வைத்தாள்.

“இதை நீங்களே வச்சுக்குங்க மேடம்” என்றாள்.

என்ன என்று கேட்டேன். சொன்னாள். அந்தக் காகிதத்தை மாப்பிள்ளை வீட்டார் படித்திருக்கிறார்கள். அப்புறம் தெருவே படித்திருக்கிறது. கவர்மெண்டே சொல்லிவிட்டது, பக்கிரி சாகவில்லை, அப்படியென்றால் ஓடித்தான் போயிருக்கிறான் என்று ஆகிவிட்டது. வரன் முறிந்தது. அதைப் பற்றி அவள் பெரிதாகப் பேசவில்லை. அம்மாவைப் பற்றித்தான் பேசினாள். பதினாறு வருஷமாக ஊரையே எதிர்த்து நின்ற அஞ்சலை அந்த முத்திரையைப் பார்த்ததும் நம்பிவிட்டார். பக்கிரியின் சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தாராம். அதை எடுத்துப்போய் வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடுவதில்லை, நடவுக்கும் போவதில்லை. பெயரை எடுத்தாலே வாயில் வராத வார்த்தையெல்லாம் வருகிறது.

“பதிவு இல்லைன்னா சாகலைன்னு அர்த்தமா மேடம்?”

இல்லை என்றேன். அப்படியென்றால் அதை ஏன் அந்தக் காகிதத்தில் எழுதவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குக் கை காலெல்லாம் பரபரத்துக்கொண்டே இருந்தது. ஒரு புத்தகத்தை எடுப்பேன், வைப்பேன், அலமாரிக்கும் சாக்குக்கும் நடப்பேன். பஸ்ஸில் உட்காராமல் நின்றே வந்தேன். அவர்கள் ஊர்ப் புத்தகத்தை மறுபடி மூன்று முறை பார்த்தேன். இல்லாதது மூன்றாம் முறை எப்படி வரும்?

வழி காட்டியது நம் துறையைச் சேர்ந்த யாரும் இல்லை. பொதுப்பணித் துறை லஸ்கர் ஒருவர். ஆற்று மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஆள். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்று கேட்டு வந்திருந்தார். பேச்சுவாக்கில், பக்கிரி ஊர் வாய்க்கால் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. வசந்தா அந்தச் சட்டையைச் சொன்னது மனதில் கிடந்திருக்கலாம்.

அவர் விரலால் மேஜைமேல் கோடு போட்டுக் காட்டினார். இந்த வாய்க்கால் இப்படி வந்து, இந்த ஆற்றில் விழுந்து, ஏழெட்டு மைல் தள்ளி எங்கள் மதகில்தான் முட்டும் என்றார். ஐப்பசி வெள்ளத்தில் மேலேயிருந்து எது அடித்து வந்தாலும் அங்கேதான் ஒதுங்கும். வைக்கோல், மரம், செத்த கன்றுக்குட்டி.

“ஆளுங்களும் வந்திருக்காங்களா?” என்றேன்.

“வந்திருக்காங்கம்மா. நாங்க அந்த ஊர் முன்சீப்கிட்ட சொல்லுவோம். அவரு எழுதிக்குவாரு.”

அந்த ஊர் முன்சீப்! நான் பக்கிரி வாழ்ந்த ஊரில் தேடியிருக்கிறேன். சாவை எழுதுவது செத்த இடத்தில், அல்லது பிரேதம் கிடைத்த இடத்தில். இது சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்குப் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன்.

மதகு ஊரின் சாக்கு பிரிக்கப்படாமலே மூலையில் கிடந்தது. இன்னொன்றும் செய்ய வேண்டியிருந்தது. வசந்தாவுக்குத் தேதி தெரியாது. ஆனால் அந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை, அப்பா நாலு நாளைக்கு முன்னாலேயே காணாமல் போய்விட்டார் என்று சொல்லியிருந்தாள். அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைக் கோயில் குருக்கள் ஒருவரிடம் வாங்கித் தீபாவளி என்ன தேதி என்று பார்த்துக்கொண்டேன். சாக்கைப் பிரித்தேன். தீபாவளிக்கு முதல் நாள் தேதியில் இருந்தது:

‘பெயர் தெரியாத ஆண். வயது சுமார் முப்பத்தைந்து. மதகில் ஒதுங்கிய பிரேதம். இடது காது மடல் பிளந்தது. நீரில் மூழ்கி மரணம். போலீசுக்கு யாதாஸ்து அனுப்பப்பட்டது. உரிமை கோர ஆள் இல்லாததால் வலது கரையில் அடக்கம்.’

முன்சீப்பின் கையெழுத்து அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. காது மடலைப் பற்றி எழுத வேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் இல்லை. எழுதியிருந்தார்.

உடனே ஓடிப்போய் வசந்தாவிடம் சொல்லத்தான் தோன்றியது. பஸ் ஸ்டாண்டுவரை போயும்விட்டேன். அங்கே நின்றபோதுதான் பயம் வந்தது. ஐப்பசி வெள்ளத்தில் அந்த ஆற்றில் எத்தனையோ பேர் போயிருக்கலாம். நான் போய் ‘இடது காது பிளந்த ஆள்’ என்று சொன்னால், அப்பாவைத் தேடித் தவிக்கிற பெண் ‘ஆமாம், அவர்தான்’ என்றுதான் சொல்வாள். முதல் தடவை அவசரப்பட்டு இல்லை என்றேன். இந்தத் தடவை அவசரப்பட்டு இருக்கிறது என்றால் அது இன்னும் பெரிய தப்பு. திரும்பி ஆபீசுக்கு வந்தேன்.

இதற்குள் விஷயம் வெளியே போயிருந்தது. நான் சாக்குகளைப் புரட்டுவதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். மிராசுதாரின் மகன் வந்து துணை தாசில்தார் அறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார். அப்போது அவர் ஆளுங்கட்சியில் ஒரு பொறுப்பில் இருந்தார். மிரட்டவெல்லாம் இல்லை. அறுவடை நேரம், பழசைக் கிளறினால் ஆட்களுக்குள் மனஸ்தாபம் வரும் என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். துணை தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது அவருக்கு.

“ஏம்மா, நீ குடுக்கிற காகிதத்தால ஊர்ல ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“போன காகிதத்துக்கே நான் இன்னும் பதில் சொல்லலை சார்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நகல் கேட்டு மனு வரட்டும், பார்க்கலாம் என்றார். பெயர் தெரியாத ஆணுக்கு யார் உறவு என்று மனுவில் போடுவார்கள் என்றும் கேட்டார். சட்டப்படி யார் வேண்டுமானாலும் ஒரு பதிவைத் தேடச் சொல்லி நகல் கேட்கலாம், உறவு என்ற கட்டம் நிரப்பப்படாமல் இருந்தாலும் செல்லும் என்று விதியைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“சரி. புத்தகத்துல இருக்கறது மட்டும். ஒரு எழுத்து கூடுதலா இருக்கக் கூடாது. காரணம் என்ன போட்டிருக்குன்னு நகல்ல வரக் கூடாது, அது விதி” என்றார்.

என் பெயரிலேயே மனுப் போட்டு நகலை வாங்கிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வசந்தா வீட்டுக்குப் போனேன். பதிவில் என்ன இருக்கிறது என்று அவளிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அஞ்சலை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். நான்தான் அந்தக் காகிதம் கொடுத்தவள் என்று மகள் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உங்கள் வீட்டுக்காரர் எப்படி இருப்பார், உடம்பில் ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டேன். என்ன அடையாளம், எல்லாரையும்போலத்தான், கறுப்பாக, உயரமாக என்றார். தழும்பு, மச்சம்? தெரியாது என்றார். அந்த ஆளைப் பற்றி எதற்குக் கேட்கிறாய் என்றார். நான் காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை. வேறு எதுவும் வரப்போவதில்லை என்று தெரிந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அப்போது அஞ்சலை யாரிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தார். கோபத்தில்தான் பேசினார். எதுவும் அந்த ஆளுக்கு நிலைக்காது, கொடுத்தது ஒன்றையும் காப்பாற்றத் தெரியாது என்றார்.

“எங்கப்பா கல்யாணத்துக்குப் போட்ட கடுக்கனைக்கூட அவரால காதுல வச்சுக்க முடியல. உழவு மாடு கொம்புல மாட்டி இழுத்து, மடலு ரெண்டாப் பொளந்துபோச்சு. ஒத்தக் கடுக்கன வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?”

நான் அப்படியே நின்றேன். “எந்தக் காது?” என்றேன்.

அவர் யோசிக்கவில்லை. கை தானாக எழுந்து தன் இடது காதைத் தொட்டது.

அப்போதுதான் நகலை எடுத்தேன். வசந்தாவைப் படிக்கச் சொன்னேன். அவள் ‘இடது காது மடல்’ என்ற இடத்துக்கு வந்ததும் நகலை என்னிடம் நீட்டினாள். மீதியை நான் படித்தேன். இது அவர்தான் என்று நான் சொல்லவில்லை, இப்படி ஒரு பதிவு இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றேன். சட்டத்துக்காகச் சொன்னேன். அவர்கள் காதில் விழுந்திருக்காது.

அஞ்சலை அழவில்லை. எந்த ஊர் மதகு என்று கேட்டார். சொன்னேன்.

“வலது கரையா?”

“ஆமாம்மா.”

“பதினாறு வருசமா அந்த ஊருக்கு நடவுக்குப் போறப்பல்லாம் அந்தக் கரை மேலதாம்மா நடந்தேன்.”

வசந்தா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று நினைவில்லை. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கும் நிற்காமல் மெயின் ரோடுவரை நடந்தே போனேன்.

மறுநாள் காலையில் அஞ்சலை மகளைத் தெருமுனையில் நிறுத்தி, அந்த நகலைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாராம். ஒரு முறை இல்லை, வீடு வீடாக. கப்பல் கதையை முதலில் சொன்ன ஆள் அப்போது உயிரோடு இல்லை. மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். சிலர் அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் கலவரம் எதுவும் வரவில்லை. பதினாறாம் நாள் மதகு ஊருக்குப் போய், லஸ்கர் காட்டிய இடத்தில், குத்துமதிப்பான இடம்தான், அம்மாவும் மகளும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தார்கள். தாலியை அங்கேதான் கழற்றினார்.

அதோடு முடியவில்லை. புத்தகத்தில் பெயர் வேண்டும் என்று வசந்தா கோர்ட்டுக்குப் போனாள். முன்சீப் போலீசுக்கு எழுதிய அந்த யாதாஸ்துக் கடிதம் கிடைக்கவில்லை, காலக்கெடு முடிந்து அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. லஸ்கர் சாட்சி சொன்னார். அந்த ஒற்றைக் கடுக்கனை அஞ்சலை கொண்டுபோய்க் காட்டினார். வாய்தா மேல் வாய்தா. இதற்கிடையில் என்னை இரண்டு முறை இடம் மாற்றினார்கள். வசந்தாவுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தது. நான் மறுபடி அதே பதிவறைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உத்தரவு வந்தது.

இந்த வருஷங்களில் நான் ஒன்றைப் பழக்கிக்கொண்டேன். பதிவு இல்லை என்று தனியாக எழுதுவதே இல்லை. எந்த ஊர்ப் புத்தகம், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, எந்தப் பக்கங்கள் கிழிந்திருந்தன, எந்தெந்த ஊரைப் பார்க்கவில்லை, எல்லாம் எழுதுவேன். இது ஆள் உயிரோடு இருப்பதற்குச் சான்று ஆகாது என்றும் கடைசியில் எழுதுவேன். சான்று நீளமாக இருக்கிறது என்று மேலதிகாரிகள் எரிச்சல்படுவார்கள். படட்டும். உங்கள் கம்ப்யூட்டரில் அதற்கு இடம் இல்லை என்றால் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதுங்கள். அந்த மலேசியாக்காரர் முகவரி கவுன்ட்டரில் இருக்கும். அவர் தாத்தா எந்த ஆஸ்பத்திரியில், எந்த மகள் வீட்டில், எந்த ரோட்டில் செத்திருக்கலாம் என்று ஒரு முறை கேளுங்கள்.

திருத்தம் எப்படிச் செய்வது என்று உங்களுக்குத் தெரியும். பழைய எழுத்தில் கை வைக்கக் கூடாது. ‘பெயர் தெரியாத ஆண்’ அப்படியே இருக்கும். பக்கத்து ஓரத்தில், உத்தரவு எண்ணோடு, பெயரை எழுத வேண்டும். அன்றைக்கு வசந்தா அம்மாவை அழைத்து வந்திருந்தாள். அஞ்சலைக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. எழுதும்போது பார்க்க வேண்டும் என்றார். நாற்காலி போட்டேன். உட்காராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கிரி என்று எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டு, மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அதே வரியின் மற்ற கட்டங்களைக் காட்டி, எப்படிச் செத்தார் என்று இதில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். அத்தனை வருஷமும் அதை அவர் என்னிடம் கேட்டதில்லை. விதிப்படி நான் நகலில்தான் கொடுக்கக் கூடாது. புத்தகம் அவர் முன்னால் விரிந்து கிடந்தது. படித்துச் சொன்னேன். நீரில் மூழ்கி.

அஞ்சலை என்னைப் பார்த்தார்.

“அவருக்கு நல்லா நீச்சல் தெரியும்மா” என்றார்.

வசந்தாவும் என்னைப் பார்த்தாள். பேனா என் கையில் திறந்தபடி இருந்தது. கோர்ட் உத்தரவில் பெயரைச் சேர்க்கத்தான் சொல்லியிருந்தது. இறப்புக்குக் காரணம் எழுதும் கட்டத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் எதுவும் எழுதவில்லை. அவர்கள் இருவரும் படியிறங்கிப் போன பிறகும் புத்தகத்தை மூட மனம் வரவில்லை.

அது உங்கள் அறையில், கிழக்குச் சுவர் அலமாரியில், மேலிருந்து இரண்டாம் தட்டில் இருக்கிறது. ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.